மூன்று முள்ளும் ஆறு பழுதும்

“ஹெட்லைட் போட்டா இன்ஜின் சூடாகுதுண்ணே” என்றார் நண்பர். ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். விளக்குக்கும் ரேடியேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் திருப்பிக் கேட்டாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி நோய் அந்த ஒரு வாக்கியத்திலேயே வெளியே வந்துவிட்டது. விளக்கைப் போட்டதும் மாறுவது மின்சாரம்தான்; இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீருக்கு அது தெரியப்போவதில்லை.

வண்டி, நாற்பது வயதைத் தாண்டிய கார்பரேட்டர் கார். நண்பரின் அப்பா வாங்கி, ஓட்டி, பழுதும் தானே பார்த்து வைத்திருந்தது. இப்போது மகன் கையில். டேஷ்போர்டில் டெம்பரேச்சர், பெட்ரோல், ஸ்பீடோமீட்டர் என மூன்று மீட்டர்கள். டெம்பரேச்சர் முள் பகலில் முக்கால் பக்கமாகவே நிற்கும். இருட்டி விளக்கைப் போட்டதும் சிவப்புக் கோட்டை உரசும். இதற்காகத் தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று, வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று, ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. டெம்பரேச்சர் சென்சார் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. முள் மசியவில்லை. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கைப்பேசியின் ஜிபிஎஸ் 68 காட்டுகிறது என்பது இரண்டாவது புகார்.

பெட்ரோல் மீட்டரைப் பற்றி மட்டும் புகார் இல்லை. “அது தங்கம்ணே, அப்பா காலத்துலேர்ந்து ஒரு தப்பும் இல்ல” என்றார். நானும் அதை நம்பி நோட்டில் ‘பெட்ரோல் சரி’ என்று எழுதிக்கொண்டேன். எங்களை அதிகம் அலையவிட்டது அந்த இரண்டு சொற்கள்தான்.

முதலில் இன்ஜின்

மீட்டர்மேல் எவ்வளவு சந்தேகம் இருந்தாலும், இன்ஜின் உண்மையிலேயே சூடாகிறதா என்று பார்த்த பிறகே டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். மீட்டர் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டு ஹெட் கேஸ்கெட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் மூடியின்மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டினேன். 61 டிகிரி செல்சியஸ். “பாத்தீங்களா, சூடே இல்ல” என்று நண்பருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் 61 இருக்க வழியே இல்லை. சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 82-இல்தான் திறக்கும் என்று அதன் மேலேயே பொறித்திருந்தது. குறை வெப்பமானியிலும் இல்லை, நான் காட்டிய இடத்தில்தான். பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது குறைவு. அதை நோக்கி இந்தக் கருவியைப் பிடித்தால் குறைத்துத்தான் காட்டும். மூடியின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு அதன்மேல் காட்டினேன். 84. ஆரோக்கியமான இன்ஜின். அந்த நேரத்தில் டேஷ்போர்டு முள் முக்காலில் நின்றது.

அடுத்து சென்சார். அதைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் வெந்நீருக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்து ஓம் அளந்தோம். 60 டிகிரியில் 150 ஓம், 80-இல் 82, 95-இல் 55. சூடு ஏற ஏற ஓம் இறங்கும் வகை இது. இறக்கம் எங்கும் துள்ளாமல் சீராக வந்தது. யாரோ அதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருந்தார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி. அதை மூடினால் ஒரு நாள் வம்பு வரும். ஆனால் மரை டேப்பைக் கிழித்துக்கொண்டு இன்ஜினைத் தொட்டிருந்ததால் இங்கே அது குற்றவாளி இல்லை. இருந்தாலும் உரித்து எறிந்தோம்.

சேர்ந்து ஏறும் முட்கள்

அந்தக் காலத்து மீட்டர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். மீட்டருக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய பைமெட்டல் தகடு ஒன்று. அதைச் சுற்றி மெல்லிய சூடேற்றும் கம்பி. மின்சாரம் ஓடினால் கம்பி சுடும், தகடு வளையும், முள் நகரும். அதனால்தான் சாவியைத் திருப்பியதும் முள் சோம்பலாக, அரை நிமிடம் எடுத்துக்கொண்டு ஏறுகிறது. திருப்பிய மாத்திரத்தில் முள் துள்ளி எழுந்தால் அது காந்தச் சுருள் வகை, வேறு ஜாதி. அதற்குள் இருக்கும் சுருள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் வோல்ட் ஏறி இறங்கினாலும் முள் அவ்வளவாக மாறாது.

ஆக, முள் பார்ப்பது தண்ணீரையும் இல்லை, பெட்ரோலையும் இல்லை. தன் வழியே ஓடும் மின்சாரத்தை மட்டும். அந்த மின்சாரம் வோல்ட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரில் கிளம்பி, மீட்டர் வழியாகப் போய், சென்சாரையோ, டேங்கில் பெட்ரோல் மட்டத்துக்கு ஏற்ப ஓம் மாறும் ஃப்ளோட்டையோ தாண்டி, பாடி எர்த்தில் முடிகிறது. வழியில் எங்கே இடறினாலும் முள் பொய் சொல்லும்.

அன்று சாயங்காலம் நண்பரை விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கச் சொன்னேன். அவர் கண் டெம்பரேச்சர் முள்ளில். நான் பார்த்தது பெட்ரோல் முள்ளை. விளக்கைப் போட்டு அரை நிமிடத்தில் அதுவும் ஒரு தீக்குச்சி கனம் ஏறியது. அணைத்தால் இறங்கியது. இத்தனை வருடமாக அவர் கவனிக்கவே இல்லை. பெட்ரோல் முள் ஏறினால் யார் புகார் சொல்வார்கள்?

ஒன்றின் சென்சார் வண்டியின் முன்னால், மற்றதன் ஃப்ளோட் பின்னால் டேங்கில். இரண்டு முள்ளும் ஒரே சுவிட்சுக்கு ஒன்றாக ஆடினால், இரண்டுக்கும் பொதுவானதில்தான் கோளாறு இருக்க முடியும். பொதுவானவை இரண்டே: மீட்டர் போர்டுக்கு வரும் மின்சாரம், அதன் எர்த்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை மீட்டர் போர்டின் தகர உடம்பில். விளக்கு அணைந்திருக்கும்போது 0.2 வோல்ட். போட்டதும் 1.3. நல்ல எர்த்தில் இது 0.1-ஐத் தாண்டக் கூடாது. போர்டில் ஹெட்லைட்டோடு சேர்ந்து எரியும் நான்கு 2.2 வாட் பல்புகள்; சேர்த்து 0.65 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 1.3 வோல்ட் விழுகிறது என்றால் எர்த் பாதையில் ஏறத்தாழ 2 ஓம் உட்கார்ந்திருக்கிறது. முன்பு பார்த்தவர் இதே எர்த்தை மல்டிமீட்டரின் ‘பீப்’பில் சோதித்து, சத்தம் வந்ததும் சரி என்று விட்டிருக்கிறார். 2 ஓமுக்கும் அது பீப் அடிக்கும். பழைய வண்டியில் எர்த்தைச் சோதிக்கும்போது அதில் லோடு ஓட வேண்டும், அளக்க வேண்டியதும் வோல்ட். ஓமையும் பீப்பையும் இந்த ஒரு வேலைக்கு நான் நம்புவதில்லை.

போர்டை இழுத்துப் பின்னால் பார்த்தால், எர்த் ஒயரின் வளையம் பெயின்ட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. எப்போதோ டேஷ்போர்டுக்குப் பெயின்ட் அடித்தவர், ஸ்க்ரூ இருந்த இடத்தையும் சேர்த்துப் பூசிவிட்டு அதன் மேலேயே முடுக்கியிருக்கிறார். உலோகம் மின்னும் வரை சுரண்டி, புது வளையம் போட்டு இறுக்கினோம். 1.3 இருந்த இடத்தில் 0.03. கையோடு, போர்டின் பின்னால் ஓடும் செம்புத் தகட்டுத் தடத்தையும் அதன் கப்ளர் முனைகளையும் பென்சில் ரப்பரால் தேய்த்தோம். உப்புத்தாளைத் தயவுசெய்து அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்தச் செம்பு காகிதத்தைவிட மெல்லியது.

விளக்கைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு முள்ளும் அசையவில்லை. ஆனால் டெம்பரேச்சர் முள் பகலில் நின்ற இடத்திலிருந்து ஒரு நூல் இறங்கியதோடு சரி. பாதியை எட்டவில்லை.

10 வோல்ட் என்ற சராசரி

இந்த வகை மீட்டர்களுக்குப் பேட்டரி நேரடியாகப் போவதில்லை. இன்ஜின் நின்றால் 12, ஓடினால் 14 என்று அது ஏறி இறங்கும். முள்ளும் கூடவே ஆடும். அதனால் நடுவில் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னத் தகர டப்பா. அதற்குள்ளும் ஒரு பைமெட்டல் தகடுதான். சுட்டால் வளைந்து தொடர்பை விடும். ஆறினால் மறுபடி தொடும். விட்டு விட்டு மின்சாரம் போய், சராசரியில் 10 வோல்ட் கிடைக்கும். ஸ்மித்ஸ் மீட்டர்களில் 10. பழைய அமெரிக்க ஃபோர்டுகளில் 5. மீட்டரே மந்தமானது என்பதால் இந்த விட்டுவிட்டுத் துடிப்பு முள்ளில் தெரியாது.

இந்த டப்பாவின் சூடேற்றும் கம்பிக்கும் எர்த் தன் உடம்பு வழியாகத்தான். எர்த் அறுந்தால் தகடு சுடாது, தொடர்பு விடாது, பேட்டரி முழுசாக மீட்டருக்குள் பாயும். எர்த் 0 வோல்ட்டில் நிற்காமல் மேலே தூக்கி நின்றால், தூக்கிய அளவு வோல்ட் மீட்டருக்குக் கூடுதலாகப் போகும். விளக்கு போட்டால் இன்ஜின் ‘சூடான’ கதை இதுதான். எர்த்தைச் சரி செய்யாமல் ஸ்டெபிலைசரை அளப்பது வீண் என்பதும் இதனால்தான்.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 0, 13, 0, 13 என்று கூத்தாடும். அதைப் பார்த்து ‘போயிடுச்சு’ என்று நல்ல டப்பாவைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். என்னிடம் இருக்கும் பழைய முள் மல்டிமீட்டரை வைத்தேன். 11.5 பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. தொடர்பு முனைகள் கருகி, தகடும் தளர்ந்து, வயதாகிவிட்ட டப்பா.

1.5 வோல்ட்தானே என்று தோன்றும். சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. 15 சதவீத வோல்ட் கூடினால் 32 சதவீதச் சூடு கூடும். டெம்பரேச்சர் முள்ளை முக்காலுக்குத் தள்ள அது போதும்.

டப்பாவுக்குள் இருந்ததைப் பிடுங்கிவிட்டு, அதே தகர உடம்புக்குள் ஒரு 10 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி வைத்தேன். வழக்கமாக எல்லோரும் 7810 போடுவார்கள். அதற்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட 2 வோல்ட் வரை அதிகமாக இருக்க வேண்டும். இந்த வண்டியோ, ஐடிலிங்கில் விளக்கும் வைப்பரும் ஓடும்போது போர்டில் 11.6 தான் தருகிறது. அதனால் இதைவிடக் குறைந்த வித்தியாசத்திலேயே வேலை செய்யும் லோ டிராப்-அவுட் வகை ஒன்றைப் போட்டு, உள்வழியிலும் வெளிவழியிலும் ஒவ்வொரு கெப்பாசிட்டர் வைத்தேன். இது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவ் பாடியோடு சேர்ந்த வண்டிக்கு. பாசிட்டிவ் எர்த் உள்ள மிகப் பழைய வண்டியில் இதை அப்படியே போட்டால் புகைதான் வரும்.

டெம்பரேச்சர் முள் பாதிக்கு வந்து, விளக்கு போட்டாலும் ஹாரன் அடித்தாலும் அங்கேயே நின்றது. வேலை முடிந்தது என்று சொல்லி அனுப்பினேன்.

நன்றாக இருந்த மீட்டர்

மூன்றாம் நாள் போன். “அண்ணே, நல்லா இருந்த பெட்ரோல் மீட்டரையும் கெடுத்துட்டீங்களே?”

டேங்கை நிரப்பியிருக்கிறார். முள் முக்காலைக்கூட எட்டவில்லை. முன்பெல்லாம் நிரப்பினால் ‘எஃப்’-க்கு மயிரிழை கீழே நிற்குமாம். எனக்கு முதலில் கோபம், அப்புறம் சந்தேகம், அதன் பிறகுதான் கணக்கு வந்தது. ஸ்டெபிலைசர் 11.5 கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பெட்ரோல் மீட்டர் மட்டும் எப்படிச் சரியாகக் காட்டியிருக்க முடியும்? அதுவும் கூடுதலாகத்தானே காட்டியிருக்க வேண்டும்? சரியாகக் காட்டியது என்றால், எங்கோ இன்னொரு தவறு அதை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. நான் ஒன்றை எடுத்ததும் மற்றது தனியாக வெளியே தெரிகிறது.

முதலில் மீட்டரைத் தனியாக்கினோம். டேங்கில் ஃப்ளோட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, அதற்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைப் பேட்டரி எர்த்தோடு சேர்த்தோம். 24 ஓம் வைத்தால் முள் சரியாக ‘எஃப்’. 240 வைத்தால் ‘ஈ’. மீட்டரும், அதுவரை வரும் ஒயரும் நிரபராதிகள். ஒரு வாட் ரெசிஸ்டர் வைத்துக்கொள்ளுங்கள். கால் வாட் சுட்டுவிடும். இந்த ஓம் எண்களும் எல்லா வண்டிக்கும் பொதுவானவை அல்ல. பல ஃபோர்டுகளில் காலிக்கு 73, நிறைவுக்கு 10 பக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்கு 0, நிறைவுக்கு 90, அதாவது தலைகீழ். கையில் கிடைத்த ஃப்ளோட்டை வாங்கி மாட்டியவரின் முள் பெட்ரோல் குறையக் குறைய ஏறுவது இதனால்தான்.

அடுத்து டேங்க் எர்த். ஒயரைத் திரும்ப மாட்டி, ஃப்ளோட் தலையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வோல்ட் அளந்தோம். 0.8. இந்த வழியில் ஓடுவதே 0.09 ஆம்பியர்தான், ஆக 9 ஓம். டேங்கைத் தாங்கும் பட்டைகளுக்கு நடுவே ரப்பர், அதன் போல்ட்டுகளில் துரு. எர்த் போவதற்கு வழியே இல்லை. ஃப்ளோட் தலையின் ஸ்க்ரூவிலிருந்து சேஸிக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்தோம். முள் முக்காலைத் தாண்டி ஏறி நின்றது. ‘எஃப்’ இன்னும் தூரம்.

இனி டேங்கைத் திறக்காமல் முடியாது. நிறைந்த டேங்கைத் திறக்கவும் முடியாது. ஒரு வாரம் ஓட்டி, முள் ‘ஈ’-யில் படுத்த பிறகு வாருங்கள் என்றேன்.

பல் தடம்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, முதலில் மிச்சப் பெட்ரோலை வடித்தோம். குழிக்கு மேல் நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஒயர் இழுத்த கைவிளக்கும் கிட்டே வேண்டாம்.

முள் ‘ஈ’-யில் படுத்திருந்த டேங்கிலிருந்து 9 லிட்டர் வந்தது. 35 லிட்டர் டேங்க் அது. நண்பர் கேனைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அப்பா எப்பவும் சொல்லுவார்ணே. முள்ளு தரை தட்டினாலும் இன்னும் ஒரு நடை போகும்னு.”

ஃப்ளோட்டை வெளியே எடுத்தோம். பித்தளை மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டினேன். உள்ளே தளும்பல் இல்லை, ஓட்டை இல்லை. அதைத் தாங்கும் கம்பிக் கை, நடுவில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. மடிப்பின் இருபுறமும் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். பிளையரின் பல் தடம். கம்பெனி போட்ட வளைவு இப்படி இருக்காது. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: சின்ன வயதில், நிரப்பினால் முள் ‘எஃப்’-ஐத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு வெகுதூரம் அங்கேயே நிற்குமாம். ஒரு நாள் அப்பா பின்சீட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து ஏதோ செய்தாராம். அதன் பிறகு சரியாகிவிட்டதாம்.

அவர் செய்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மீட்டரின் கம்பி 65 ஓம். டேங்க் நிறைந்திருக்கும்போது, 10 வோல்ட்டில் அந்தக் கம்பியில் 0.82 வாட் சூடு, 11.5-இல் அது 1.09. காலியாக இருக்கும்போது 0.07 வாட், 11.5-இல் 0.09. ஆக, வோல்ட் கூடிப்போனதால் வரும் பிழை முழுக்க மேல் பாதியில்தான் தெரியும். கீழே முள் கிட்டத்தட்ட உண்மைதான் பேசும். அவர் மேலே தெரிந்த பிழையைக் கையை வளைத்து அடக்கினார். மேலே சரியாயிற்று. ஆனால் கை மொத்தமாக இறங்கிவிட்டதால் கீழே 9 லிட்டர் கணக்கில் வராமல் போயிற்று. அது பாதகம் இல்லாத பக்கத்துப் பிழை, வழியில் நிறுத்தவில்லை. அதனால் ‘இன்னும் ஒரு நடை’ என்று வீட்டுப் பழமொழி ஆகிவிட்டது. பிற்பாடு டேங்க் எர்த்தில் ஏறிய துரு, ‘எஃப்’-இலிருந்து அந்த மயிரிழையையும் இறக்கியது.

நிமிர்த்துவதற்கும் அளவு வேண்டும். மரக்குச்சியை விட்டு அளந்தால் டேங்க் ஆழம் 210 மில்லிமீட்டர். அதை ஒரு அட்டையில் முழு அளவில் வரைந்து, ஃப்ளோட்டை அதன்மேல் வைத்துக் கையை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். வளைந்த கையில், மிதவை தரைக்கு 55 மில்லிமீட்டர் மேலே இருக்கும்போதே ஓம் காலி எல்லையைத் தொட்டுவிட்டது. மேலே, மிதவை கூரையை முட்டியும் 34 ஓமுக்குக் கீழே இறங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, கீழே தரைக்கு 10 மில்லிமீட்டர் மேலும் மேலே கூரைக்கு 10 மில்லிமீட்டர் கீழும் மிதவை நிற்கும்படி வைத்தோம். இப்போது எல்லைகள் 238, 24. அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் முள் மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் முள் துள்ளியது. நுண்கம்பிச் சுற்றில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை ஏற்றி இறக்கியதும் போய்விட்டது.

நிரப்பினால் ‘எஃப்’. 4 லிட்டர் மட்டும் விட்டால் ‘ஈ’-யின் கோட்டுக்குச் சற்று மேலே. நடுவில் அரை என்று காட்டும்போது உண்மையில் அரைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. டேங்கின் அடிப்பக்கம் சாய்வாக இருப்பதால் வரும் வித்தியாசம். அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நானும் பிளையரைத்தான் எடுத்திருப்பேன்.

ஸ்பீடோமீட்டர்

இதற்கும் மேலே சொன்ன மின்சாரத்துக்கும் உறவே இல்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, கிண்ணத்தைக் கூடவே இழுக்கிறது. மயிரிழைச் சுருள்வில் ஒன்று எதிர்த்துப் பிடிக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள். ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை கேட்ட ஏற்பாடு. ஒரு நூற்றாண்டு நம் கண்முன்னே ஓடியிருக்கிறது.

சமமான, நேரான சாலையில், ஒவ்வொரு வேகத்தையும் கொஞ்ச நேரம் மாறாமல் பிடித்து, நண்பர் ஓட்ட நான் எழுதினேன். ஜிபிஎஸ் 30 என்றால் முள் 39. 50-க்கு 60. 70-க்கு 82. 90-க்கு 103.

டயர் மட்டும் காரணம் என்றால் எல்லா வேகத்திலும் ஒரே சதவீதம் கூட வேண்டும். இங்கே 30-இல் 30 சதவீதம், 90-இல் 14. சதவீதம் இறங்கிக்கொண்டே வருகிறது. வேகம் 30-இலிருந்து 90-க்கு, அதாவது 60 ஏறும்போது, முள் 64 ஏறுகிறது. ஏறத்தாழ 7 சதவீதம். அந்த 7 சதவீதத்தைக் கழித்துவிட்டால் எல்லா வேகத்திலும் மிச்சம் நிற்பது ஒரே எண், சுமார் 7 கிலோமீட்டர். பெருக்கலில் ஒரு தவறு, கூட்டலில் ஒரு தவறு.

பெருக்கல் டயரில் இருந்தது. இந்த வண்டிக்கு உரியது 155/80 ஆர்13, விட்டம் 578 மில்லிமீட்டர். மாட்டியிருப்பது 175/60 ஆர்13, 540 மில்லிமீட்டர். சின்னச் சக்கரம் அதிகம் சுற்றும். வித்தியாசம் சரியாக 7 சதவீதம். ஓடோமீட்டரும் இதற்குச் சாட்சி சொன்னது. ஜிபிஎஸ்ஸில் 50 கிலோமீட்டர் போனால் அதில் 53.5. ஓடோமீட்டர் பல்சக்கரத்தில் நேராக ஓடுவது. சுருள்வில்லுக்கும் முள்ளுக்கும் அதில் பங்கில்லை. அதனால் டயர் தவறைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல கருவி வண்டியிலேயே இல்லை.

கூட்டல் முள்ளில் இருந்தது. இந்த முகப்பில் 0-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆணி முள்ளைத் தாங்கும். ஆணி இல்லாவிட்டால் வில் முள்ளை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு போய் ஒரு சிறு புள்ளியில் நிறுத்த வேண்டும். கண்ணாடியைக் கழற்றி முள்ளை ஆணிக்கு மேலே மெல்லத் தூக்கிக் கீழே விட்டேன். புள்ளிக்குப் போகவில்லை, பாதி வழியில் நின்றது. முகப்பைச் சுத்தம் செய்யவோ என்னவோ யாரோ முள்ளைப் பிடுங்கித் தள்ளிச் செருகியிருக்கிறார்கள். ஆணியில் சாய்ந்து நின்றால் 0 என்றுதான் தெரியும். குறையை அந்த ஆணியே மறைத்துவிடும். முகப்பின்மேல் அட்டை வைத்து, இரண்டு கரண்டிக் காம்புகளால் இருபுறமும் சமமாக நெம்பி முள்ளை எடுத்து, புள்ளிக்கு நேராகச் செருகி, பிறகு ஆணிக்கு மேலே ஏற்றி வைத்தோம்.

இப்போது 70-க்கு 75. டயர் தேய்ந்து மாற்றும்போது பழைய அளவைப் போடுவதாக நண்பர் சொல்லிவிட்டார். அதுவரை இந்த மிச்சம் பாதுகாப்பான பக்கம்தான். புதிய வண்டிகளுக்கான ஐ.நா.வின் 39-ஆம் எண் விதிமுறைகூட முள் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது என்கிறது. மேலே, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் 4 கிலோமீட்டரும் வரை போகலாம். 70-க்கு 81 வரை. முன்பு காட்டிய 82 அதையும் தாண்டியது. 30-க்குக் கீழே முள் நடுங்கியதற்குக் காரணம் வறண்ட கேபிள். உள்கம்பியை உருவித் துடைத்து, கீழ் முக்கால் பாகத்துக்கு மட்டும் மெல்லக் கிரீஸ் தடவினோம். மேல் முனைக்குத் தடவினால் அது மீட்டருக்குள் ஏறிக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மீட்டர் போர்டை மூடுவதற்கு முன், அதன் முதுகில் ஒரு காகிதத்தை எழுதி ஒட்டினோம். ஸ்டெபிலைசர் 10 வோல்ட், ஐசி போட்டது. ஃப்ளோட் காலி 238, நிறைவு 24. டேங்குக்குத் தனி எர்த் ஒயர் உண்டு. ஸ்பீடோமீட்டர் 7 சதவீதம் கூட, 175/60 டயரால். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, கடைசி வரியை நண்பர் எழுதினார்: ‘கையை வளைக்க வேண்டாம்.’